அளவுக் கரும்பு

பீரோ மாட்டிக்கொண்டது. சும்மா மாட்டிக்கொள்ளவில்லை. சுழல் படியின் இரண்டாவது திருப்பத்தில், ஒரு தோளை நடுக் கம்பத்திலும் இன்னொரு தோளைக் கைப்பிடியிலும் சாய்த்துக்கொண்டு, முதல் பந்தியில் இடம் பிடித்த பெரிய மனிதர் மாதிரி, இனி எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை என்று உட்கார்ந்துவிட்டது.

"இன்னும் ஒரு தம் குடுங்கப்பா, போயிடும்" என்று சொன்னது அரங்கநாதன். கீழே நின்று அந்த ஒரு தம்மைக் கொடுத்ததும் அவர்தான். அதற்கு முன்னால் அதை இறக்கியிருக்கலாம். அதற்குப் பிறகு முடியவில்லை. பீரோவை ஏற்றிக்கொண்டு வந்த லோடு வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேறு சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பாகூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

பீரோவுக்கு மேலே, புதிதாகக் கட்டிய மாடி அறையில், அவர் மனைவி ஜெயசித்ரா. 'மேல நின்னு இடது வலது சொல்லு' என்று அவளை ஏற்றி விட்டதும் அரங்கநாதன்தான். அந்த மாடியிலிருந்து இறங்க வேறு வழி கிடையாது. வெளிப்பக்கம் படியே வைக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னது... சரி, இதையே எத்தனை தடவை எழுதுவது. எல்லாம் அவர்தான்.

பீரோவுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஜெயசித்ராவின் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"இன்னாய்யா, அவ்ளோதானா?"

"இன்னா அவ்ளோதான்?"

"பீரோ. இனிமே அது இங்கதானா?"

"கொஞ்சம் ரெஸ்ட் எடுக்குது."

"அப்ப நானு?"

"நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடு."

கண் மறைந்தது. மேலே ஏதோ ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்பட்டது. மெதுவாக வைக்கப்படவில்லை.

அரங்கநாதனிடம் எதைக் கேட்டாலும் பதில் இப்படித்தான் வரும். கரும்பும் நெல்லும் போடுகிற மனிதர். வயலில் எல்லாம் நேர் வரிசையில்தான் நடுவார். வாயில் மட்டும் எதுவும் நேர் வரிசையில் முளைக்காது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்பார். மழை வருமா என்று கேட்டால், எனக்கு எழுதிப் போடவில்லை என்பார். அவருடைய ஒரே மகன் கலைவேந்தன் பத்தாவது முடித்த வருஷம், "அப்பா, இனிமே நான் இன்னா படிக்கட்டும்?" என்று வந்து நின்றான். "சத்தமா படி" என்றார். டீக்கடையே சிரித்தது. பையனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் அவரிடம் எதையும் கேட்கவில்லை. தானே போய் ஐடிஐயில் சேர்ந்தான், தானே சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கினான், தானே வில்லியனூரில் ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கேலிக்காரனிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னால் அது மறுநாள் காலையில் டீக்கடையில் தலைகீழாகத் தொங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அரங்கநாதனுக்கு யாரும் நேர்ப் பதில் சொல்வதில்லை. அவர் ஒன்று கேட்டால் வேலியைச் சுற்றி, வரப்பைச் சுற்றி, கடைசியில் கேள்வி எது என்று அவருக்கே மறந்துபோகும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஒரு சுழல் படி கட்ட ஆசை வந்தது. பொருத்தம் என்றால் இது பொருத்தம்.

ஆசை வந்த இடம் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம். மச்சினன் ராஜ்மோகன் தன் மகள் பிறந்தநாளுக்கு எல்லாரையும் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போயிருந்தான். பழைய வெள்ளைக்காரர் வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். கூடத்தின் மூலையில் இரும்பில் ஒரு சுழல் படி, கொடி மாதிரி மேலே ஏறிப் போனது. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையில் காப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தாள். அரங்கநாதன் தட்டில் இருந்ததை மறந்துவிட்டுப் பார்த்தார். அன்றைக்கு அதில் யாரும் பீரோவோடு ஏறவில்லை. அதையும் அவர் கவனித்திருக்கலாம்.

வீட்டுக்கு மேலே ஒரு அறை போட்டார். மகனும் வரப்போகும் மருமகளும் அதில் இருக்க வேண்டும். கொத்தனார் வெளிச்சுவரை ஒட்டிப் படி வைக்கலாம் என்றபோது, "நேர் படியா? அது ஸ்கூல்ல இருக்குது, ஆஸ்பத்திரில இருக்குது. வூட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டார். கூடத்துத் தளத்தையே ஓட்டை போட வைத்து, அதன் வழியாகச் சுழல் படியை மேலே விட்டார். தொட்டால் 'ணங்' என்று கேட்டது, ஏறினால் வீடு முழுக்கக் கேட்டது. மாடு மூன்று நாள் பயந்து பால் குறைத்தது.

உண்மையான காரணம் ஒன்று இருந்தது. மருமகளாக வரப்போகிறவள் நர்ஸ். வேலை முடித்து எந்த நேரத்திலும் வருவாள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வெளிப்படி ஏறாமல், கூடத்துக்குள் வந்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, அப்படியே உள்ளேயே மேலே போய்விட வேண்டும். இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் மனிதருக்கு நல்ல பெயர் வந்திருக்கும். அவர் சொன்னது, "வெளிய படி வச்சா மாடு ஏறிடும்."

படி தயாரானதும் வந்தவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி. "எப்படி இருக்குது?"

ராஜ்மோகன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்ப்பவன். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தான். "அது ஒரு டைப்பு மாமா" என்றான்.

எதிர் வீட்டுக்காரர் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு நல்ல இரும்பு" என்றார்.

சம்மந்தியாகப் போகிற அல்போன்ஸ் வில்லியனூரிலிருந்து வந்தார். மரியாதைக்காக மூன்று படி ஏறினார். நாலாவதில் காலை வைத்தவர் எடுத்துவிட்டார். கூடத்துக்கு நடுவில், நாலு சுவருக்குள், மூன்றாவது படியில் நின்றுகொண்டு, "நல்லா காத்து வருது சம்மந்தி" என்றார்.

மகன் சொன்னது, "பாக்கலாம்பா."

இந்தப் 'பாக்கலாம்பா'வில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் தை கடைசியில் வில்லியனூர் மாதா கோயிலில் நடந்தது, விருந்து பாகூரில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் "சும்மா கொஞ்ச நாளைக்கு" என்று வில்லியனூரிலேயே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். கொஞ்ச நாள் சித்திரை வரைக்கும் நீண்டுவிட்டது. எப்போது வருகிறீர்கள் என்று அரங்கநாதன் கேட்கவில்லை. அவர் கேட்டது, "மகாராணி எப்ப மாடியேறப் போறாங்க?" மருமகள் வெரோனிகா சிரித்துவிட்டு, "அவரு சொல்வாரு மாமா" என்றாள். அவர் என்பவர், "பாக்கலாம்பா."

மேலே அறை காலியாகக் கிடந்தது. வெள்ளை அடித்த சுவர், மாட்டாத ஃபேன், திறக்காத ஜன்னல். தினமும் காலையில் அரங்கநாதன் ஏறிப் போய்ப் பெருக்கிவிட்டு வருவார். யாராவது பார்த்தால், எலிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்பார்.

அதனால்தான் பீரோ. பெண்ணுக்குச் சீராக வாங்கிய இரும்பு பீரோ, வாடகை வீட்டில் இடம் இல்லாமல், அல்போன்ஸ் வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. அது இங்கே மேலே வந்துவிட்டால் துணிமணி வரும், துணிமணி வந்தால் ஆளும் வந்துவிடும் என்று அரங்கநாதன் ஒரு கணக்குப் போட்டார். மகனிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொல்லவில்லை. காலையில் ஒரு லோடு வண்டியைப் பேசிக்கொண்டு போய், "பீரோவுக்கு மாமியார் வூட்ட காட்டப் போறேன்" என்று அல்போன்ஸிடம் சொல்லி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அல்போன்ஸுக்கு அது விளையாட்டா நிஜமா என்று புரியவில்லை. புரிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது அது படியின் நடுவில் நின்றது. மாமியாரும் மேலே இருந்தாள். அந்த வகையில் அவர் சொன்னது நடந்துவிட்டது.

வெல்டர் அய்யனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். படியை அடித்தவன் அவன்தான். தெருமுனையில் பட்டறை. அறுக்கிற மிஷினோடு வந்தான். படியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த ராஜ்மோகனைப் பார்த்தான். விஷயம் தெரிந்து அக்காவைப் பார்க்க வந்தவன் அவன். அக்காவைப் பார்க்க முடியாததால் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ரெண்டுல ஒண்ணு" என்றான் அய்யனார். "கைப்பிடிய அறுக்கணும். இல்ல, பீரோவ அறுக்கணும்."

"பீரோ சம்மந்தி குடுத்ததுடா."

"அப்ப கைப்பிடி."

"கைப்பிடிய அறுத்துட்டா படிக்கு இன்னாடா அழகு இருக்குது?"

அய்யனார் அந்தக் கேள்வியைத் தரையிலேயே விட்டுவிட்டான். "அப்ப அண்ணிக்கு சோத்த கயித்துல கட்டி ஏத்துங்க."

"மொதல்ல ஒரு டீய ஏத்துங்கடா" என்றது மேலேயிருந்து ஒரு குரல். "சித்திர வெயிலு. ஃபேனு கூட மாட்டல. இந்த ரூம்ல மனுசன் இருப்பானா?"

அரங்கநாதன் காதில் விழாத மாதிரி இருந்தார். தூக்குவாளியில் டீயும், ஒரு பாட்டில் தண்ணீரும், ஒரு விசிறியும் கயிற்றில் மேலே போயின. ஜன்னல் வழியாக அதை வாங்கும்போது தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஜெயசித்ரா அவர்களிடம், "புது வூடு, புது பழக்கம்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

ராஜ்மோகன் தொண்டையைச் செருமினான். "மாமா, நான் இன்னா சொல்றன்னா, இதுல ரெண்டு விதமா யோசிக்கலாம். ஒரு விதமா பாத்தா இது ஒரு பிரச்சன. இன்னொரு விதமா பாத்தா..."

"இன்னொரு விதமா பாத்தா?"

"அதுவும் பிரச்சனதான். ஆனா வேற மாதிரி."

"மச்சான், நீ ஆபீஸ்ல எந்த சீட்ல இருந்தாலும் சேர் தேயறதுக்கு இதுதான்டா காரணம்."

ராஜ்மோகன் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். பீரோ அங்கேயே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அரங்கநாதன் ஒரு தப்பு செய்தார். அய்யனாரைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி, "அளவு குடுத்தேன் இல்ல? நீ எதப் பாத்து அடிச்ச? பக்கத்து வூட்டு பீரோவயா?" என்றார்.

அய்யனார் மிஷினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். கையில் ஒரு கரும்பு இருந்தது.

பொங்கல் கரும்பு. காய்ந்து கருத்து, எடை போய், ஊன்றுகோல் மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் அரங்கநாதனின் நாக்கு தானாக மேல் வரிசைப் பற்களைத் தேடிப் போனது. அங்கே ஒரு பல் இல்லை.

கதை இதுதான். பொங்கலுக்குச் சம்மந்தி வீட்டுக்கு ஒரு கட்டுக் கரும்பு கொண்டுபோயிருந்தார். அப்போதே பீரோ அங்கே வாங்கி நிறுத்தியிருந்தார்கள். மேலே போகிற சாமான்களில் பெரியது எதுவோ அதன் அகலத்தைக் கொண்டு வரச் சொல்லியிருந்தான் அய்யனார். அல்போன்ஸ் டேப்பை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். "டேப்பு இங்கிலீஷ்காரன் சமாச்சாரம் சம்மந்தி. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருல அதெல்லாம் செல்லாது" என்று சொல்லிவிட்டு, கட்டிலிருந்து ஒரு கரும்பை உருவி, பீரோவின் மேல் குறுக்கே வைத்து, கத்தியால் சரியாக நறுக்கிக்கொண்டார். சம்மந்தி வீடு முழுக்கச் சிரித்தது. அதுவரைக்கும் அளவு சுத்தமான அளவு.

வீடு திரும்பும் வழியில் வில்லியனூர் ரயில்வே கேட் போட்டிருந்தது. ரயில் வரவில்லை. வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். வெயில் இல்லை, பசி இல்லை, பேச ஆள் இல்லை. பேச ஆள் இல்லாவிட்டால் அந்த வாய்க்கு வேறு வேலை வேண்டும். கையில் கரும்பு இருந்தது. ரயில் வந்து போவதற்குள் ஒரு கணு போய்விட்டது. சக்கையைத் துப்பின பிறகுதான் அது அளவு என்று ஞாபகம் வந்தது. ஒரு கணுதானே என்று நினைத்தார். அய்யனார் எப்படியும் கொஞ்சம் கூட விட்டுத்தான் அடிப்பான் என்று நினைத்தார். இரும்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்றுகூட நினைத்தார். மிச்சத்தை அப்படியே அய்யனாரிடம் அளவு என்று கொடுத்துவிட்டார். கரும்பு முழுசாக இருந்திருந்தால் மட்டும் அந்த வளைவில் பீரோ ஏறியிருக்குமா என்பது வேறு கேள்வி. அதை நினைத்துப் பார்க்கிற அளவுக்கு அந்த வருஷம் அவருக்கு அறிவு வரவில்லை.

அய்யனார் கரும்பை ஒரு படியின் மேல் வைத்தான். நடுக் கம்பத்திலிருந்து கைப்பிடி வரைக்கும் இருந்து, அதற்கு மேல் இரண்டு விரல் இடமும் மிச்சம் இருந்தது. அவன் கூட விட்ட இரண்டு விரல். பிறகு எட்டி, மாட்டிக்கொண்டிருந்த பீரோவின் அடியில் வைத்தான். பீரோ கரும்பைத் தாண்டி வெளியே நின்றது.

கரும்பின் ஒரு முனை கத்தியால் நறுக்கினது, வழவழவென்று இருந்தது. இன்னொரு முனை கடித்தது. கடியின் நடுவில் ஒரு இடம் மட்டும் கடிபடாமல் சின்ன மேடாக நின்றது.

அய்யனார் அந்த முனையைப் பார்த்தான். அரங்கநாதனின் வாயைப் பார்த்தான். ராஜ்மோகனும் பார்த்தான். மேலே இடுக்கில் மறுபடியும் ஒரு கண் வந்து பார்த்தது.

"எலி கடிச்சிருக்கும்ணா" என்றான் அய்யனார்.

"எலியா இருக்கும்" என்றான் ராஜ்மோகன்.

"பெரிய எலி. மேல ஒரு பல்லு விழுந்த எலி" என்றான் அய்யனார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று அரங்கநாதனுக்குத் தோன்றியது. முப்பது வருஷமாக ஊருக்கு அவர் கொடுத்துக்கொண்டிருந்த சரக்கையே ஊர் அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வாங்கிப் பார்த்தால் கொஞ்சம் கசந்தது.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. வெரோனிகா. காலை டியூட்டி முடித்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பீரோவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் அம்மா போன் செய்திருக்க வேண்டும். நாள் முழுக்க 'எங்க வலிக்குது?' என்று கேட்டு, எங்கே என்று தெரிகிற வரைக்கும் விடாமல் நிற்கிற வேலை அவளுக்கு. படியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், தரையில் கிடந்த கரும்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அத்தை, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சம்மா. டீயும் குடிச்சேன். உங்க மாமா பெரிய ஓட்டலு கட்டியிருக்காரு, ரூமுக்கே வருது."

"இறங்குறதுக்கு ஏணி ஏதாச்சும் இருக்குதா மாமா?"

இருந்தது. மாட்டுக் கொட்டகையில், தென்னை மரத்துக்குச் சாத்துகிற மூங்கில் ஏணி. அய்யனார் அதை முன்பே சொல்லியிருந்தான். ஊர் பார்க்கும் என்று அரங்கநாதன்தான் வேண்டாம் என்றார். இப்போது வெரோனிகா கேட்டதும் அவரே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டின் பின்பக்கம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாத்தினார்கள். அய்யனார் சரசரவென்று ஏறி, ஜெயசித்ராவின் கையைப் பிடித்துச் சுவரைத் தாண்ட வைத்தான். ராஜ்மோகனுக்குச் சரியாக அந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. ஏணியின் ஒரு காலை அரங்கநாதன் பிடித்தார், இன்னொரு காலை வெரோனிகா பிடித்தாள்.

ஜெயசித்ரா முதல் குச்சியில் கால் வைத்தாள். "காசக் கொட்டி கட்டின படில ஏறினேன், சும்மா சாத்தின ஏணில இறங்குறேன். போயி எவ கிட்டயாச்சும் சொன்னா நம்புவாளா?"

"நேரா பாத்து இறங்கு" என்றார் அரங்கநாதன்.

"நீ நேருன்னு சொல்ற. நான் கேட்டுக்கறேன்."

ஏணியைப் பிடித்திருக்கும்போது கையை எடுக்க முடியாது. நகர முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பேச்சுக்குத் தாவ முடியாது. அந்த வசதிகள் எதுவும் இல்லாத நேரம் பார்த்து வெரோனிகா கேட்டாள்.

"மாமா, அந்தக் கரும்ப யாரு கடிச்சது?"

"எலின்னு அய்யனாரு சொல்றான்."

"அய்யனார் அண்ணன் சொல்றது இருக்கட்டும். நான் உங்களத்தான கேட்டேன்."

பதில்கள் வந்தன. எப்போதும் போல வரிசையாக வந்து வாய்க்குள் நின்றன. எலிக்கு வாடகைக்கு விட்டது பற்றி ஒன்று, ரயில்வேக்காரன் மேல் ஒன்று, சம்மந்தி வீட்டைத் தொட்டதால் கரும்புக்கு வந்த இனிப்பைப் பற்றி மரியாதையாக ஒன்று. எதை எடுத்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் சிரிக்கத் தயாராக நிற்கவில்லை. கோபமாகவும் நிற்கவில்லை. காய்ச்சல் பார்க்கிற குச்சியை வாயில் வைத்துவிட்டு நிற்கிறவள் மாதிரி, சும்மா நின்றாள். வாயில் குச்சி இருக்கும்போது யாரும் ஜோக் அடிக்க முடியாது.

"நான்தாம்மா" என்றார். "ரயில்வே கேட்ல. பசியெல்லாம் இல்ல. சும்மா கையில இருந்துது. அய்யனாரு மேல ஒண்ணும் தப்பு இல்ல. அவன் சரியாத்தான் அடிச்சான்."

ஏணி லேசாக ஆடியது. பாதி தூரத்தில் ஜெயசித்ரா நின்றுவிட்டாள். மேலே சுவரில் சாய்ந்திருந்த அய்யனார் தலையை நீட்டிப் பார்த்தான்.

"அத்தை, பயப்படாதீங்க, பிடிச்சிருக்கோம். இறங்குங்க."

"பயம்லாம் இல்லம்மா" என்றாள் ஜெயசித்ரா. "கல்யாணமாயி வந்த நாளா இந்த மனுசன் வாயிலேர்ந்து இப்படி ஒண்ணு வந்து நான் கேட்டதே இல்ல. இன்னும் ஏதாச்சும் வருமான்னு பாக்குறேன்."

வந்தது. ஒரு தடவை கதவு திறந்துவிட்டால், சாத்துவதற்குள் இன்னொன்றும் வெளியே வந்துவிடுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் ஒரு மாடி கட்டினார், தளத்தை ஓட்டை போட்டார், ஊர் சிரிக்க ஒரு படி அடித்தார், சொல்லாமல் போய் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேள்வியைக் கேட்டிருந்தால் இத்தனை சிமென்ட்டும் மிச்சம்.

"வெரோனிகா." மகாராணி என்று வராமல் பெயரே வந்ததில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். "நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து இருப்பீங்களாம்மா, மாட்டீங்களா?"

அவள் ஏணிக் காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'அவரு சொல்வாரு மாமா' என்று சொல்லப் போகிறாள் என்று அரங்கநாதன் நினைத்தார். பாதி மனசு அதுவே வந்தால் தேவலை என்றும் நினைத்தது. அதை வைத்து இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்.

"மாட்டோம் மாமா" என்றாள் வெரோனிகா. "படியால இல்ல. நீங்க நேர் படி கட்டியிருந்தாலும் வரமாட்டோம். வில்லியனூர்லேர்ந்து எனக்கு ஆஸ்பத்திரி பக்கம், அவருக்கு சேதராப்பட்டு பக்கம், அது ஒண்ணு. ஆனா அது மட்டும் இல்ல. உங்க கிட்ட ஒரு விசயம் சொல்லணும்னா அவரு வூட்ல ரெண்டு நாளு சொல்லிப் பாத்துக்கறாரு மாமா. அப்புறம் இங்க வந்து சிரிச்சிட்டு திரும்பி வந்துடறாரு. நாங்க இங்க வரலன்றத கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். அதத்தான் இத்தன நாளா சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்காரு. கூடவே இருந்தா நானும் அப்படி ஆயிடுவேன். எனக்கு அது வேணாம். பீரோவ வெட்ட வேணாம், கைப்பிடிய வெட்டிட்டு பீரோவ எங்க அப்பா வூட்டுக்கே அனுப்பிடுங்க. ஆனா ஞாயித்துக்கிழம வருவோம். பூசை முடிஞ்சதும் நேரா இங்கதான். எல்லா ஞாயித்துக்கிழமயும் வருவோம் மாமா, மழை பேஞ்சாலும் வருவோம். சோறு மட்டும் கீழயே போடுங்க."